வேரும் விகுதியும்: நெல்லை நாட்டில் இலத்தீன் கற்பித்த வரலாறு

தமிழ்வழியில் பள்ளிக் கல்வியை முடித்து இறையியல் கற்க வரும் மாணாக்கர், முதலாண்டிலேயே ஆங்கில விளக்கவுரைகளோடும் கோட்பாட்டு நூல்களோடும் மல்லாட வேண்டியவராகின்றனர். ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் இருபது முறை அகராதியைப் புரட்டுகின்றனர். புரட்டிக் கண்ட பொருளை மறுவாரம் மறந்துவிடுகின்றனர். சொற்களைத் தனித்தனியே உருப்போடுவது ஒரு வழி. ஆங்கிலச் சொற்களுள் பாதிக்கு மேற்பட்டவை இலத்தீனிலிருந்து நேரேயோ பிரெஞ்சு மொழியின் வாயிலாகவோ வந்தவை ஆதலால், அவற்றின் வேர்களை அறிந்து, ஒரு வேரைக் கொண்டு பத்துச் சொற்களைப் பற்றுவது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழி மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுமுறை என்று எண்ணுவோர் உளர். நம் நெல்லை நாட்டில், பனங்காடுகளின் நடுவே, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே இலத்தீன் வகுப்பு நடைபெற்றது என்பதை நம் திருச்சபையாருள் பலர் மறந்துவிட்டனர். அது எதற்காக நடந்தது, அதனைப் பயின்றோர் யாவர், அதில் நமக்கு இன்று பயன்படுவது யாது என்பவற்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

இலத்தீனுக்கும் தமிழுக்கும் ஏற்பட்ட உறவு முதலில் எதிர்த் திசையில் அமைந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஐரோப்பியர் தமிழுக்குள் புகுவதற்கு ஏறிய ஏணி இலத்தீனே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. அது இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. நெல்லைக்கு வடக்கே காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய இயேசு சபைக் குரு வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் இலத்தீனிலேயே இலக்கணம் வகுத்தார். லுத்தரன் சபையாரைக் கண்டித்து நூல்கள் எழுதிய அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை, அந்த லுத்தரன் சபையாரே தரங்கம்பாடியில் தம் அச்சகத்தில் 1738இல் பதிப்பித்தனர் என்பது சுவையான செய்தி. சமயப் பூசலைக் கடந்து நல்ல இலக்கண நூலொன்று தேவைப்பட்டது போலும். ஆறு வேற்றுமைகளையுடைய இலத்தீனின் சட்டகத்துள் எட்டு வேற்றுமைகளையுடைய தமிழை அடக்குவதில் இடர்ப்பாடுகள் எழவே செய்தன. எனினும் ஒரு மொழியின் இலக்கண அறிவைக் கொண்டு மற்றொரு மொழியைத் திறக்கலாம் என்னும் துணிவு இந்நூல்களில் வெளிப்படையாகக் காணப்படுகிறது.

வகுப்பறைக்கு முன்னரே கடற்கரை வழியாக இலத்தீன் வந்துவிட்டது என்று கூறினும் தவறாகாது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறிஸ்தவம் தழுவிய காலத்திலிருந்து, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்திலுள்ள புன்னைக்காயலில் என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழ் கற்று நூல் செய்த காலம் வரையிலும், அதன் பின்னரும், இலத்தீனின் மகளாகிய போர்த்துக்கீசிய மொழி நம் வீடுகளுக்குள் நுழைந்து கொண்டேயிருந்தது. மேசை, சாவி, பேனா, குசினி, மேஸ்திரி, பாதிரி ஆகிய சொற்களை இன்று எவரும் அயற்சொல்லென்று உணர்வதில்லை. மேசை என்பது 'மென்சா'. சாவி என்பது 'கிளாவிஸ்'. பேனா என்பது இறகைக் குறிக்கும் 'பென்னா'. ஜன்னலோ வாயிலைக் குறிக்கும் 'யானுவா' என்னும் இலத்தீன் சொல்லின் சிறுமைப் பெயரிலிருந்து வந்தது. மொராவிய சகோதர சபையின் பேராயராகிய கொமேனியஸ் 1631இல் இலத்தீன் கற்போருக்கென எழுதிப் புகழ்பெற்ற நூலுக்கு 'மொழிகளின் வாயில்' என்று பெயரிட்டபோது இந்த 'யானுவா'வையே எடுத்தாண்டார். ஆயிரம் வாக்கியங்களில் ஏறத்தாழ எண்ணாயிரம் சொற்களை அமைத்து, சொல்லையும் பொருளையும் ஒருங்கே கற்பிக்க முயன்ற நூல் அது. பாளையங்கோட்டைச் சிறுவன் ஜன்னலைத் திறக்குந்தோறும் கொமேனியஸின் வாயிலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தான். அதை அவனுக்கு எடுத்துரைப்பார்தாம் இல்லை.

இனிச் சாயர்புரத்திற்கு வருவோம். கனடா நாட்டு இளவரசர் எட்வர்டு தீவில் 1820இல் பிறந்து, 1839இல் சென்னை வந்து சேர்ந்த ஜி. யு. போப் ஐயர், நற்செய்திப் பரப்புச் சங்கத்தின் ஊழியராக 1842 முதல் 1849 வரை சாயர்புரத்தில் பணியாற்றினார். அங்கு அவர் நிறுவிய செமினரி, உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் பின்னர்க் குருமார்களாகத் தக்கவர்களையும் உருவாக்கும் நோக்கமுடையது. ஆங்கிலம், கணிதம், தத்துவம் ஆகியவற்றோடு இலத்தீனும் எபிரேயமும் பாடங்களாயின. போப் ஐயர் கடுமைக்குப் பெயர்போனவர். பிரம்பைக் கீழே வையாதவர் என்று நெல்லை நாட்டில் வழிவழியாகப் பேசப்படுவதுண்டு. பிற்காலத்தில் திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய அவருடைய முகத்தையே நாம் அறிவோம். இலத்தீன் வினைத்திரிபுகளை ஒப்புவியாத சிறுவன் அறிந்திருந்த முகம் வேறாக இருந்திருக்கலாம்.

பனையேறியின் மகனுக்கும் கழனி உழுபவர் மகனுக்கும் இலத்தீன் எதற்கு என்னும் வினா நியாயமானதே. அக்கால இங்கிலாந்தில் இலக்கணப் பள்ளி என்றாலே இலத்தீன் பள்ளிதான். இலத்தீன் அறியாதவர் கற்றவராகவே கருதப்படவில்லை. தாம் பயின்ற முறையை ஆசிரியர் தம் மாணாக்கர்க்கும் அவ்வாறே அளித்தார் என்பது ஒரு விடை. இது போப் ஐயரின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டுகிறது. நம் நாட்டுச் சிறுவர்க்கு எது வேண்டும் என்று எண்ணித் தெரிந்த பாடத்திட்டமன்று அது. எனினும் ஆங்கிலச் சிறுவனுக்கு இயலுவது நம் சிறுவனுக்கு இயலாது என்று ஒதுக்கிய பாடத்திட்டமும் அன்று. இதன் அருமையை உணர வேண்டுமாயின் அதே ஆண்டுகளில் நடந்த மற்றொன்றையும் நோக்க வேண்டும். இடையன்குடியில் 1841 முதல் பணியாற்றிய கால்டுவெல் ஐயர், 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவ்வினத்தாரின் அறிவாற்றலைப் பற்றி அதில் அவர் எழுதிய இழிவான மதிப்பீடு, பின்னாளில் அவ்வினத்தாரிடையே பெருஞ்சினத்தைக் கிளப்பியது. அப்பகுதித் திருச்சபையில் பெரும்பான்மையினராயிருந்தோர் அவர்களே. ஒரு மிஷன் பங்களாவில் அம்மக்களின் மந்தபுத்தியைப் பற்றி எழுதப்பட்ட காலத்தில், சில காதத் தொலைவில் மற்றொரு மிஷன் வளாகத்தில் அம்மக்களின் பிள்ளைகள் அயல்நாட்டுச் செம்மொழியைப் பயின்று கொண்டிருந்தனர். கால்டுவெல் எழுதியதற்குத் தக்க மறுப்பு அவ்வகுப்பறையிலேயே இருந்தது என்பது நம் கருத்து.

அந்தக் கால்டுவெல்லே வேர்ச்சொல் ஆராய்ச்சியில் நமக்கு வழிகாட்டியாகவும் விளங்குகிறார் என்பது வரலாற்றின் முரண். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டிடம் பயின்றபோது மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் வேட்கை அவருள் மூண்டது. 1856இல் வெளிவந்து, 1875இல் விரிவாக்கப்பெற்ற அவருடைய ஒப்பிலக்கணம், திராவிட மொழிகளின் வேர்கள் தொடக்கத்தில் ஓரசையுடையனவாயிருந்தன என்றும், அவற்றின்மேல் ஈறுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சொற்கள் வளர்ந்தன என்றும் விளக்கிற்று. திராவிடச் சொற்களுக்கும் இலத்தீன், கிரேக்கச் சொற்களுக்கும் உறவு காட்டி அவர் தந்த பட்டியல்களுள் பலவற்றை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் வணிகத்தின் வழியே சென்ற சொற்கள் உண்மையில் உள்ளன. 'ஜிஞ்சர்' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனில் 'சிஞ்ஜிபெர்'. கிரேக்கத்தின் வழியாகவும் அதற்கு முன் இந்திய மொழிகளின் வழியாகவும் சென்ற அச்சொல்லின் மூலம் நம் 'இஞ்சி வேர்' என்பதே என அறிஞர் பெரும்பாலோர் ஒப்புகின்றனர். இலத்தீன் வேரைத் தோண்டப் புகுந்தவர்க்கு அடியில் தமிழ் 'வேர்' என்னும் சொல்லே அகப்படுகிறது!

சாயர்புரத்தில் 1853இல் தமிழாசிரியராக அமர்ந்தவர், நெல்லையை அடுத்த கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவரைத் தேர்ந்தவர் கால்டுவெல். அப்போது வைணவராயிருந்த அவர், 1858இல் திருமுழுக்குப் பெற்று, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் வெளியிட்டது யாவரும் அறிந்ததே. கம்பனில் தோய்ந்த அப்புலவர், மேலைச் செம்மொழிகளை மதித்த அக்கல்விக்கூடத்தில் நன்னூலைக் கையிலெடுத்து நின்றார் என்பதே நமக்கு இங்கு வேண்டுவது. போப் ஐயரும் தமிழ்ப் பள்ளிகளுக்கென இலக்கண வினாவிடை எழுதியவர். இரண்டு இலக்கண மரபுகள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பேச வைத்தால் என்ன விளையும் என்பதே நம் கேள்வி.

பவணந்தி முனிவர் பதத்தைப் பகாப்பதம், பகுபதம் என இரண்டாக்கி, பகுபதத்திற்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுத்தார். ஒன்பதாம் வகுப்பிலேயே இவ்வுறுப்பிலக்கணத்தைப் பிரித்தெழுதிப் பழகிய தமிழ் மாணாக்கனுக்கு, சொல்லைப் பிளந்து பார்க்கும் கலை புதிதன்று. ஆங்கில வகுப்பில் நுழைந்தவுடன் அக்கலையை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டுமென்று அவன் எண்ணிக்கொள்வதே இரங்கத்தக்கது. எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நெல்லைக்கு வடக்கே மதுரைச் சாலையில், சிற்றாற்றங்கரையிலுள்ள கங்கைகொண்டான் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரனின் வடநாட்டு வெற்றிப் பட்டத்தை நினைவூட்டும் பெயர் அது. 'கொண்டான்' என்பதில் கொள் பகுதி. ள் ண் ஆனது விகாரம். ட் இறந்தகால இடைநிலை. ஆன் ஆண்பால் விகுதி. இனி, கைப்பற்றியவனைக் குறிக்கும் 'கேப்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். இலத்தீனில் அது 'கப்தோர்': 'கப்' என்பது கொள்ளுதலைக் குறிக்கும் பகுதி, 'தோர்' என்பது செய்பவனைக் காட்டும் விகுதி. நம் சொல்லில் காலம் காட்டும் உறுப்பு உண்டு, அவர்தம் சொல்லில் இல்லை. மற்றபடி இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றுள்ளன. 'டாக்டர்' என்பதும் அவ்விகுதி பெற்றதே. அங்குப் பகுதி கற்பித்தலைக் குறிக்கும். அதனால்தான் மருந்து கொடாத டாக்டர்களும் பல்கலைக்கழகங்களில் உளர்.

'கப்' என்னும் இவ்வேர் எங்கும் ஒரே வடிவில் நில்லாது. முன்னொட்டுச் சேர்ந்தால் 'கிப்' என்றும் 'கெப்த்' என்றும் திரியும். பிரெஞ்சு வாயிற் புகுந்து 'சீவ்' என்றும் ஆகும். கேப்டிவ், ரெசிப்பியன்ட், அக்செப்ட், ரிசீவ் ஆகிய நான்கும் உடன்பிறப்புகள் என்று சொன்னால் மாணாக்கன் முதலில் நம்பமாட்டான். அவனுக்குக் 'கொள்' என்னும் பகுதி கொண்டான், கோள், கோடல் எனத் திரிவதை எடுத்துக்காட்டுக. முதனிலை திரிந்த தொழிற்பெயரை அவன் அறிவான். 'அக்செப்ட்' என்பதிலுள்ள முன்னொட்டு உண்மையில் 'அத்' என்பது. வருமொழி முதலெழுத்துக்கு ஏற்ப அதன் ஈறு திரிந்தது. பொன்னும் குடமும் பொற்குடமானதைக் கண்டவனுக்கு இது வியப்பன்று. பொருளிலும் ஒற்றுமை நீளுகிறது. அக்செப்ட் என்பது ஏற்றுக்கொள். ரிசெப்டகிள் என்பது கொள்கலம். கான்செப்ட் என்பதற்கு நேரான நம் 'கொள்கை' என்னும் சொல்லும் கொள் என்பதிற் பிறந்ததே. உள்ளத்தால் பற்றிக்கொள்வதே கருத்து என்று ரோமானியர்க்கும் தமிழர்க்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. இவ்வொப்புமையைக் கண்டு இரு மொழிகளும் ஓரினம் என்று முடிவு கட்டிவிடலாகாது. சொல்லாக்கத்தில் மனித மனம் செல்லும் தடங்கள் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அடுத்து 'மித்தெரே' என்னும் வினை. அனுப்பு, விடு என்பன இதன் பொருள். அகராதிகள் 'அனுப்பு' என்பதையே முதலில் தரும். தமிழ் மாணாக்கர்க்கோ 'விடு' என்பதையே முதலிற் சொல்லுதல் நலம் என்பது நம் துணிபு. பெர்மிட் என்பது போகவிடுதல். ஓமிட் என்பது விட்டுவிடுதல். டிஸ்மிஸ் என்பது விடைகொடுத்து விடுதல். எமிட் என்பது வெளிவிடுதல். மிஷன் என்பது தூதுவிடுதல். நம் 'விடு' என்பதிலிருந்தும் விடை, விடுதி, விடுமுறை, விடுதலை, வீடு என ஒரு குடும்பமே தோன்றியிருக்கிறது. 1903இல் நெல்லைத் திருச்சபையார் தம் சொந்தப் பொருளைக் கொண்டு தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பத் தொடங்கிய சங்கத்துக்கும் இந்திய மிஷனெரி சங்கம் என்றே பெயர். அதன் முதற் செயலாளராகிய வே. ச. அசரியா பின்னர்த் தோர்ணக்கல் பேராயரானார். அனுப்பப்பட்டோராய் வந்தவர்களின் சொல், அனுப்புவோராய் எழுந்தவர்களின் சொல்லாயிற்று.

நம் திருச்சபை வழக்கிலுள்ள சொற்களே நல்ல பாடப்பொருளாகும். பாஸ்டர் என்பது மேய்த்தலைக் குறிக்கும் 'பாஸ்கெரே' என்பதிற் பிறந்தது. மேய்ப்பர் என்பது அதற்குச் சரியான நேர்ச்சொல். காங்கிரிகேஷன் என்பதனுள் மந்தையைக் குறிக்கும் 'கிரெக்ஸ்' இருக்கிறது. ஆக, ஆயரும் சபையாரும் ஒரே தொழுவத்திலிருந்து வந்த சொற்கள். செமினரி என்பதன் வேர் விதையைக் குறிக்கும் 'செமென்'; 'செமினாரியம்' என்றால் நாற்றங்கால். குருமார் பயிற்சிக்கூடத்துக்கு இப்பெயர் நிலைபெற்றது 1563ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கத்தின் ஆணைக்குப் பின்னர். சீர்திருத்தச் சபையாரை எதிர்க்கக் கூடிய சங்கத்தின் சொல்லைச் சீர்திருத்தச் சபையாரும் தயங்காது ஏற்றுக்கொண்டனர். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு நாற்றங்கால் என்னும் விளக்கம் போல் விளங்கக்கூடியது வேறில்லை: அங்கு எவரும் அறுவடை செய்வதில்லை, நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவர். கங்கைகொண்டானுக்கு அண்மையிலுள்ள தாழையூத்தில் 1949 முதல் சிமெண்டு ஆலை அமைந்தது. சிமெண்டு என்னும் சொல்லும் வெட்டுதலைக் குறிக்கும் 'கைதெரே' என்னும் இலத்தீன் வினையின் வழியது. வெட்டிய கற்சில்லே அதன் முதற்பொருள். அவ்வேரே சர்கம்சிஷன் என்பதிலும் உளது. கிரேக்கச் சொல்லும் இலத்தீன் சொல்லும் நம் வேதாகமத்தின் 'விருத்தசேதனம்' என்னும் வடமொழியாக்கமும் மூன்றுமே சுற்றி வெட்டுதல் என்று பொருள்படுவன. மொழிபெயர்த்தோர் உறுப்பு உறுப்பாகப் பிரித்தே பெயர்த்திருக்கின்றனர்.

ஆங்கிலத்தில் இலத்தீன் ஒரே நாளில் வந்து குடியேறியதன்று. ரோமானிய வணிகரிடமிருந்து வைன், ஸ்ட்ரீட் போன்ற சொற்களை அம்மக்கள் மிகப் பழங்காலத்திலேயே பெற்றனர். 597இல் அகுஸ்தீன் தலைமையில் வந்த நற்செய்திக் குழுவினர் திருச்சபைச் சொற்கள் சிலவற்றைக் கொணர்ந்தனர். 1066இல் நார்மானியர் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு வேடத்தில் பெருங்கூட்டம் வந்தது; மறுமலர்ச்சிக் காலத்தில் புலவர்கள் நூல்களினின்று நேரே அள்ளினர். எனினும் பழைய ஆங்கிலேயர் எல்லாவற்றையும் கடன் வாங்கவில்லை. 'எவாஞ்செலியம்' என்பதற்கு 'நல்ல செய்தி' என்னும் பொருள்பட அவர்கள் தம் மொழியிலேயே ஆக்கிக்கொண்ட சொல்லே இன்று 'காஸ்பல்' என வழங்குகிறது. சுவிசேஷம் என்பதா, நற்செய்தி என்பதா என்று நம்மிடையே நடந்த வழக்கு, வேறோர் உருவில் அங்கும் நடந்து முடிந்திருக்கிறது. இரட்சிப்பு, மீட்பு என இரட்டைச் சொற்களோடு வாழும் தமிழ்க் கிறிஸ்தவனுக்கு, ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஒரு நாட்டுச் சொல்லும் ஓர் இலத்தீன் சொல்லும் அருகருகே நிற்பதைப் புரியவைப்பது எளிது. எது வீட்டில் வழங்கும், எது ஏட்டில் வழங்கும் என்னும் நுட்பமும் அதனோடு புரிந்துவிடும்.

இவ்வளவும் கூறியபின், இம்முறையின் ஆபத்தையும் கூறாது விடுதல் முறையன்று. வேரை அறிந்தவுடன் பொருளையும் அறிந்துவிட்டதாகக் கருதும் மயக்கம் நம் பிரசங்க மேடைகளில் மிகுதி. சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'வெளியே அழைக்கப்பட்டோர்' என்று வேர்ப்பொருள் கூறி, உலகை விட்டு ஒதுங்குதலே திருச்சபையின் இலக்கணம் என்று ஒரு மணி நேரம் பேசுவோரைக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தார் அச்சொல்லை ஊர்க்கூட்டத்திற்கும் வழங்கினர் என்பது அங்கு எழுவதேயில்லை. பள்ளி ஆண்டு விழாக்களில் எடுகேஷன் என்றால் 'வெளிக்கொணர்தல்' என்று முழங்குவதும் இத்தகையதே. அச்சொல்லுக்கு நேர்மூலமான 'எதுகாரே' என்பது பிள்ளையைப் பேணி வளர்த்தலைக் குறித்தது. ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் 1961இல் வெளியிட்ட திருமறைச் சொற்பொருளியல் நூலில் இம்மயக்கத்தை 'வேர்ப் பிழை' என்றே பெயரிட்டுக் கண்டித்தார். எபிரேயச் சொற்களின் வேர்களைக் கொண்டு எபிரேயரின் மனத்தையே வரைந்துவிடலாம் என்று அந்நாளில் நம்பியவர்களுக்கு அது பேரதிர்ச்சியாயிற்று.

கோட்பாட்டிலும் இதனால் விளைந்த கேடு சிறிதன்று. ஜஸ்டிஃபிகேஷன் என்னும் சொல்லைப் பிரித்தால் 'நீதியுள்ளவனாகச் செய்தல்' என்று வரும். 'ஃபாகெரே' என்பது செய்தல். இலத்தீன் வழியாகப் படித்த புனித அகுஸ்தீனார் அவ்வாறே கொண்டார். பவுல் அடிகள் வழங்கிய கிரேக்கச் சொல்லோ நீதிமன்றத்தில் ஒருவனை நீதிமானென்று தீர்ப்பளித்தலைச் சுட்டுவது என்பது சீர்திருத்தத் தந்தையர் வற்புறுத்தியது. நம் வேதாகமத்தின் 'நீதிமானாக்குதல்' என்னும் ஆக்கமும் இலத்தீனைப் போலவே 'ஆக்கு' என்பதைத் தாங்கி நிற்கிறது. எனவே வேரை மட்டும் பற்றிக்கொண்டு இக்கோட்பாட்டை விளக்கப் புகும் தமிழ் உபதேசியார், தாம் அறியாமலேயே சீர்திருத்தச் சபையின் வாசலைக் கடந்து வெளியே போய்விடுகிறார். மனந்திரும்புதலைப் பற்றியும் இதுவே நிகழ்ந்தது. இலத்தீன் வேதாகமம் தண்டனையோடு தொடர்புபடுத்தி எண்ணத்தக்க சொல்லை வழங்கியதால், பல நூற்றாண்டுகள் அது கழுவாய்ச் செயல்களைக் குறிப்பதாகவே கொள்ளப்பட்டது. எராஸ்மஸ் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தது லுத்தருக்கு வழி திறந்தது. 1517இல் லுத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள் முதலாவது இச்சொல்லைப் பற்றியதே என்பதை நம் மாணாக்கர் மறத்தலாகாது.

இம்மயக்கத்துக்கு மருந்தும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. சொற்பொருளுக்குக் காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்தார். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்தார். காரணம் இருந்தும் வழக்கினால் வரம்புற்ற காரண இடுகுறிப் பெயர்களையும் உரையாசிரியர்கள் காட்டினர். முள் இருப்பதால் முள்ளி. ஆயினும் முள்ளுடைய செடியெல்லாம் முள்ளியாகாது. இவ்வொரு விதியை மனத்திற் கொண்டவன் இலத்தீன் வேர்களால் ஏமாறமாட்டான். 'மேலும்' என்று பொருள்படும் 'மாகிஸ்' என்பதிலிருந்து தலைவனைக் குறிக்கும் 'மாகிஸ்தேர்' வந்தது. 'குறைவாக' என்று பொருள்படும் 'மினுஸ்' என்பதிலிருந்து பணியாளனைக் குறிக்கும் 'மினிஸ்தேர்' வந்தது. முன்னது போர்த்துக்கீசியரோடு வந்து கொத்தனாருக்கு மேற்பார்வை பார்க்கும் மேஸ்திரி ஆயிற்று. பின்னது ஆங்கிலேயரோடு வந்து கோட்டையில் அமரும் மினிஸ்டர் ஆயிற்று. வேரை மட்டும் கேட்டால் விழா மேடையில் அமர்பவர் யார், மேடையைக் கட்டியவர் யார் என்பதே மாறிவிடும்.

சாயர்புரத்து உயர்கல்வி 1883இல் கால்டுவெல் பேராயரின் முயற்சியால் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளே கல்வியின் போக்கை அறுதியிடத் தொடங்கிய காலம் அது. இலத்தீன் அங்கு விருப்ப மொழிகளுள் ஒன்றாக இருந்தும், தாய்மொழியையோ வடமொழியையோ எடுத்துத் தேறுதல் எளிதாயிருந்தமையால் அதனை நாடியோர் சிலரே. அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. இன்று முதலாண்டு மாணாக்கர்க்கு முழு இலத்தீனையும் புகட்டும் எண்ணமும் நமக்கில்லை. வினைத்திரிபு வாய்பாடுகளால் சாயர்புரத்துச் சிறுவர்கள் பட்ட பாடு போதும். ஆங்கிலம் கற்கும் தமிழர்க்கு இலத்தீனின் ஐம்பது வேர்களும் இருபது முன்னொட்டுகளும் பத்து விகுதிகளும் பெரும் துணையாகும் என்பதே நாம் கூறுவது.

அவற்றைப் பட்டியலாக அச்சிட்டு ஒப்புவிக்கச் செய்தால் பயனில்லை. மாணாக்கர் அவ்வாரம் படித்த ஆங்கிலப் பக்கத்திலிருந்தே சொற்களை எடுத்து, நன்னூல் முறையில் உறுப்புகளாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதச் செய்தல் வேண்டும். ஒவ்வொரு வேருக்கும் அதே தடத்திற் செல்லும் தமிழ்ப் பகுதியொன்றை அவர்களே தேடிக் கொணரட்டும். ஒத்துவராத இடத்தை மறையாது குறித்து வைக்கட்டும். பின்னர் அச்சொல் அவ்வாசிரியரின் வாக்கியத்தில் எப்பொருளில் வழங்குகிறது என்று கேட்க வேண்டும். வேர் கூறும் பொருளும் வாக்கியம் கூறும் பொருளும் மாறுபட்டால் வாக்கியத்தின் பக்கமே தீர்ப்பளிக்க வேண்டும். ஒரு பருவத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் இது நடைபெறும். முதல் வாரத்துக்குக் 'கொள்', இரண்டாம் வாரத்துக்கு 'விடு' என்று வைத்துக்கொள்ளலாம். நீதிமானாக்குதலில் வரும் 'ஆக்கு' என்பதைப் பருவத்தின் இறுதிக்கு ஒத்திவைப்பது நலம்.